மோலிக்கு உப்பு பழகும் வரை

"விக்க மாட்டேன்."

மொஹுவா திகைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமைக் காலை, காலிஃப் தெரு வளர்ப்பு மீன் சந்தையே 'வாங்க, வாங்க' என்று கூவுகிறது. இவன் ஒருத்தன் மட்டும் மீன் விற்க மாட்டானாம்!

"ஏன் தாதா, நான் குடுக்கறது காசு இல்லையா?"

"உப்புத் தண்ணித் தொட்டிக்குன்னு சொன்னீங்களே. இது நல்ல தண்ணில வளந்த மோலி மீன். தூக்கிப் போட்டா தாங்காது. சாகறதுக்கா வளக்கறேன்?"

பதில் நாக்கு நுனி வரை வந்தது. ரோஷம் அதை விழுங்கிவிட்டது. ஆனால் அந்தக் கண்கள்... கோபத்திலும் இவ்வளவு ஈரமா? சீ, என்ன நினைப்பு இது! விருட்டென்று திரும்பினாள்.

நாலு எட்டு வைப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. வேறு வழியில்லாமல் அவன் தார்ப்பாய்க்கு அடியிலேயே வந்து நின்றாள்.

பக்கத்துக் கடைக்காரர் சிரித்தார். "டேய் துஹின், தாதான்னு கூப்பிட்டு உன்னை அண்ணனாக்கிட்டாளேடா!"

அவன் முகம் சிவந்தது. மொஹுவாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

"பாபாவோட தொட்டி..." என்றாள், அப்பாவை நினைத்து மழையைப் பார்த்தபடி. "வேலூர்ல இதய ஆபரேஷன் முடிஞ்சு அடுத்த ஞாயிறு வர்றார். நான் பாத்துக்கறேன்னு சொன்னேன். பாசி உள்ள வளர்ற உயிர்ப் பவளத்தையே மூடிடுச்சு. மோலி பாசியைத் தின்னுமாமே. தினமும் போன்ல 'பவளம் எப்படிம்மா இருக்கு'ன்னு கேக்கறார். நல்லா இருக்குன்னு பொய் சொல்றேன். தையல் கூட ஆறாத நெஞ்சு... வந்து பாத்தார்னா?"

துஹின் அவள் பையை எட்டிப் பார்த்தான். சோதிப்பதற்காகக் கொண்டு வந்த தொட்டித் தண்ணீர் நாலு பெரிய பாட்டில். பாசி படிந்த ஒரு கல்.

"உக்காருங்க. சொட்டுச் சொட்டா உப்பு பழக்கணும், ஆறு மணி நேரம் ஆகும்."

வாளியில் இரண்டு கறுப்பு மோலி. மேலே அவள் கொண்டு வந்த உப்புத் தண்ணீர். மெல்லிய குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு இறுக்கினான். சொட்டு... சொட்டு... ஒவ்வொரு சொட்டையும் அவள் எண்ணினாள். அவன் நீட்டிய பொரி கையிலேயே நமுத்தது.

மூன்று மணி நேரம் ஆனபோது ஒரு மோலி ஒருக்களித்துச் சாய்ந்தது.

"நிறுத்துங்க தாதா! செத்துடும்..."

அவன் கையைப் பிடித்துவிட்டாள். அவன் உதடுகள் ஏதோ வேண்டிக்கொண்டிருந்தன!

"உங்களுக்கும் பயமா?"

"போன தடவை அவசரப்பட்டேன்," என்றான் மெதுவாக. "பன்னெண்டு மீனும் செத்துப் போச்சு."

குழாயை அழுத்திப் பிடித்தான். இருவரும் வாளிமேல் குனிந்தார்கள். வெகு நேரம் கழித்து வால் அசைந்தது... மோலி நிமிர்ந்தது. அதன் பிறகே அடுத்த சொட்டை விட்டான்.

மதியம் ஒரு மணிக்குக் கல்லை வாளியில் இறக்கினான். சுற்றிச் சுற்றி வந்த மோலி பச்சையை ஒரு கடி கடித்தது. இன்னொரு கடி. மொஹுவா அழுதேவிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும்," என்றான் துஹின், குழாயைச் சுற்றிக்கொண்டே. "இதை நீங்க வீட்டுலயே செஞ்சிருக்கலாம். ஆனா நீங்க போயிடுவீங்களோன்னு... பயந்துட்டேன்."

"தெரியும். வீட்டுல எப்படிச் செய்யறதுன்னு நேத்தே படிச்சுட்டேன்."

"அப்புறம் ஏன் உக்காந்தீங்க?"

மழை விட்டிருந்தது. மோலிகள் இருந்த பையை அவள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"தனியா பயப்பட பயமா இருந்துது... துஹின்."

அவள் பேச்சில் 'தாதா'வைக் காணோம்.