இடப்பக்கம் நிற்பவர்

நான்கு லட்சத்துப் பத்தாயிரத்து முந்நூறு!

சட்டைகளுக்குப் பட்டன் துளை தைக்கும் காஜாக்காரிக்கு அவள் கொழுந்தன் தர வேண்டிய பாக்கி அது. புருஷன் விபத்தில் போனதற்கு வந்த பணம். வியாபாரம் பண்ணப் போகிறேன் என்று வாங்கிப் போனவன், அப்புறம் அவள் போனை எடுப்பதையே விட்டுவிட்டான்.

எழுத்து இல்லை. சாட்சி இல்லை. அண்ணி உயிரோடு இருக்கும்வரைதான் அந்தக் கடனுக்கும் உயிர்.

அண்ணி உயிரோடு இருந்தாள்.

அதுதான் அவனுக்குச் சிக்கல்!

*

"ஐயோ... திருடன்!"

பட்டப்பகலில் அவள் போட்ட அலறலுக்கு எதிர்வீட்டு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. அந்த அடுக்குமாடியில் யாரும் யாருக்காகவும் கதவைத் திறப்பதில்லை.

போன் போட்டதும் அடுத்த தெரு ஸ்டேஷனிலிருந்து ஏட்டு மட்டும் வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். பீரோவைத் திறந்து பார்த்தார். மூச்சு வாங்கினார்.

"எங்கம்மா நின்னான்?"

"எனக்கு இடப்பக்கம்யா... கறுப்பா. நான் திரும்பினா அவனும் நகர்ந்துடறான்!"

"இப்ப எங்க?"

"இப்பவும் நிக்கிறான்யா!"

ஏட்டு அவள் இடப்பக்கம் பார்த்தார். தையல் மெஷின். வெறும் சுவர்.

தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"அம்மா... இது ஸ்டேஷன் கேஸ் இல்லை. கண்ணாஸ்பத்திரி கேஸ்!"

*

"கூட யாரு வந்திருக்காங்க?" என்றாள் நர்ஸ்.

"யாருமில்லைம்மா."

"ஊசி போட்டுக் கண்ணை மூடிக் கட்டி அனுப்புவோம். தனியா விட மாட்டோம். யாரையாவது வரச் சொல்லுங்க."

யாரை?

சட்டைகளுக்குக் காஜா எடுக்கக் கொடுக்கும் கடைக்காரர். தண்ணீர் கேன் போடுகிறவர். ஏட்டு. கொழுந்தன். அவள் போனில் இருந்த மனிதர்கள் அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரி போனிலிருந்து கொழுந்தனைக் கூப்பிட்டாள். தெரியாத நம்பர் என்பதால் எடுத்துவிட்டான்!

"தம்பி... அண்ணி பேசறேன். கண்ணுல ஊசி போடணுமாம்."

"ஐயையோ! உயிருக்கு ஏதாவது...?"

"உயிருக்கெல்லாம் ஒண்ணுமில்லப்பா."

"ஓ... சரி, வரேன்."

அந்த 'ஓ'வில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. அவளுக்கு அது கேட்கவில்லை. ஒரு ஆள் வருகிறது என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது.

வந்தான். டாக்டரம்மாவின் மேஜை ஓரமாக நின்றான்.

அவளுக்கு எதிரே உட்கார்ந்து டாக்டரம்மா விளக்கினார்.

"மாத்து கிட்னியை உடம்பு தள்ளிடக் கூடாதுன்னு மாத்திரை சாப்பிடறீங்க இல்லையா? அந்த மாத்திரை உடம்போட காவலைக் குறைச்சுடும். சந்தடி சாக்குல ஒரு வைரஸ் கண்ணுக்குள்ள புகுந்துடுச்சு. விழித்திரையை அரிக்குது."

"நிழல் போயிடுமா டாக்டரம்மா?"

"அரிச்ச இடம் திரும்பாது. நிழல் இருக்கும். ஆனா மேல பரவாம நிறுத்தலாம். வாரா வாரம் கண்ணுக்குள்ள மருந்து ஊசி. விட்டீங்கன்னா மொத்தப் பார்வையும் போயிடும்."

பார்வை போனால் காஜா போகும். காஜா போனால் சோறு போகும்.

"போடுங்க" என்றாள்.

"ஒரு கண்ணுலதான் கோளாறு. நிழல் எப்பவும் இந்தப் பக்கமாத்தான் நிக்கும்." டாக்டரம்மா தன் வலது கையை நீட்டினார். "பயமா இருந்தா அந்தக் கண்ணை மூடிப் பாருங்க. மறைஞ்சா வியாதி. மறையலைன்னா ஆளு!"

கொழுந்தன் சிரிக்கவில்லை. நீட்டிய கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சொட்டு மருந்தில் கண் மரத்தது. இமையைக் கம்பி விரித்துப் பிடித்தது.

"ஆடாதீங்க... மேல பாருங்க..."

ஒரு அழுத்தம். அவ்வளவுதான்.

கண் முன்னே புகை சுருண்டது. புகைக்குள் ஒரு கை அசைந்தது.

"எத்தனை விரல்?"

"ரெண்டு."

"சபாஷ்!"

எத்தனையோ காலத்துக்குப் பிறகு ஒருவர் அவளைப் பாராட்டினார். கட்டுக்குள் கண் கலங்கியது.

வீட்டு வாசலில் கொழுந்தன் குழைந்தான்.

"ஒரு சாவி என்கிட்ட இருக்கட்டும் அண்ணி. ஆத்திர அவசரத்துக்கு..."

மகிழ்ந்து போய்க் கொடுத்தாள்!

அன்று மாலையே ஏட்டுக்குப் போன் போட்டாள்.

"தப்பா நினைச்சுக்காதீங்கய்யா. அது ஆளு இல்லை. கிருமியாம். அந்தக் கண்ணை மூடினா போயிடுதாம்."

"கிருமியைப் பிடிக்க எனக்கு அதிகாரம் இல்லைம்மா. இனிமே கண்ணை மூடிப் பாருங்க. அப்பவும் நின்னா மட்டும் கூப்பிடுங்க. பறந்து வரேன்!"

*

வாரங்கள் போயின. ஊசிகள் போயின. அடுத்தடுத்த ஊசிக்குக் கொழுந்தன் வரவில்லை. தண்ணீர் கேன்காரர்தான் கேன் வண்டியிலேயே உட்காரவைத்துக் கூட்டிப் போனார்.

நிழல் பெரிதாகவில்லை. போகவும் இல்லை.

முதலில் அதை 'அவன்' என்றாள். பிறகு 'அவர்' ஆனார்.

"என்னய்யா, சாப்பாட்டுல உப்பு தூக்கலா?"

நிழல் குறை சொல்லாது.

"முதுகு வலி உயிர் போகுதுய்யா. தைலம் தேய்க்கக்கூட ஆளில்லை."

நிழல் தேய்க்காது. ஆனால் எழுந்தும் போகாது. அவளுக்குக் கிடைத்த மனிதர்களில் அதுவே பெரிது.

*

அன்றும் வெயில் நேரம். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குள் ஒரு நிழல் நின்றது.

"வந்துட்டீங்களா?" என்று வாயெடுத்தவள்... நிறுத்தினாள்.

வலப்பக்கம்!

கோளாறான இடது கண்ணை மூடினாள்.

நிழல் மறையவில்லை!

நெஞ்சு தையல் மெஷினாக ஓடியது. கத்தலாமா? கத்தினால் வரும் கட்டிடமா இது?

ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். மடியில், துணிக்குக் கீழே, பட்டன் போன். ஏட்டின் நம்பருக்கு ஒரே பட்டன். அழுத்தினாள்.

நேராகச் சுவரைப் பார்த்தபடி பேசினாள்.

"வந்துட்டீங்களா? உட்காருங்களேன்... எப்பவும் நின்னுக்கிட்டே இருந்தா கால் வலிக்காதா?"

நிழல் மூச்சைப் பிடித்துக்கொண்டது. அதன் கையில் ஒரு தலையணை!

"உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும். என் கொழுந்தன் கடனைப் பத்தி."

தலையணை அசையாமல் நின்றது.

"அந்த நாலு லட்சத்துப் பத்தாயிரத்து முந்நூறை நான் தள்ளிட்டேன்யா. பணத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்யப் போறேன்? அவனுக்குப் பிள்ளைங்க இருக்கு. வாரம் ஒரு தடவை வந்து 'அண்ணி, இருக்கியா செத்தியா'ன்னு கேட்டா போதும்னு நினைச்சேன்... அதைக்கூட அவன் கேட்கலை."

குரல் உடைந்தது. அது நடிப்பா நிஜமா என்று அவளுக்கே தெரியவில்லை.

நிழலின் கை மெல்லத் தாழ்ந்தது.

"அண்ணி..."

"நிழல் பேசாதுடா!" என்றாள் காஜாக்காரி, திரும்பாமல்.

கொழுந்தன் பூட்டாமல் விட்ட கதவு படாரென்று திறந்தது. ஏட்டு!

"நான் தலையணை மாத்திப் போட வந்தேன் சார்!" என்று அலறினான் கொழுந்தன்.

"செருப்பை இடுப்புல சொருகிக்கிட்டா?"

மாத்திரை தின்னும் நோயாளி மூச்சு முட்டிச் செத்தால் யாரும் கேட்கமாட்டார்கள் என்று போட்ட கணக்கு, அடுத்த நிமிடமே அவன் வாயிலிருந்து உதிர்ந்தது. அழுதுகொண்டே ஒரு சந்தேகமும் கேட்டான்.

"டாக்டர் சொன்ன பக்கத்துலதானே நின்னேன்? அவங்க வலது கையைத்தானே நீட்டினாங்க?"

"எனக்கு எதிர்ல உட்கார்ந்து நீட்டினாங்கடா! அவங்க வலது எனக்கு இடது. ஆம்பளைச் சட்டைக்குக் காஜா எந்தப் பக்கம்? சட்டையைப் போட்டிருக்கிறவனுக்கு இடப்பக்கம். எதிர்ல நின்னு பார்த்துக் காஜா போட்டா மொத்தச் சட்டையும் பாழ்."

ஏட்டு குனிந்து தன் சட்டையைப் பார்த்துக்கொண்டார். சரிதான்!

விலங்கோடு வாசல்வரை போனவன், திரும்பிக் கெஞ்சினான்.

"கடனைத் தள்ளிட்டேன்னு சொன்னீங்களே அண்ணி... அதுவாவது நிஜம்தானே?"

காஜாக்காரி இடப்பக்கம் திரும்பினாள். அங்கே அவர் நின்றார். வழக்கம்போல. பேசாமல்.

"அது இவர்கிட்ட சொன்னதுடா. நிழலுக்குத்தான் தள்ளுபடி... ஆளு முழுசா கட்டணும்!"