பதினோராவது கை

மாலை நான்கு மணிக்குக் கை தூக்க வேண்டியவர்கள் பதினோரு பேர். பத்துப் பேர் லாட்ஜின் கூடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பதினோராவது ஆளின் அறை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினார்கள், கூப்பிட்டார்கள், பதில் இல்லை. கடைசியில் கான்ஸ்டபிள் சடையன் தோளால் இடித்த இடியில் கதவோடு சேர்ந்து அவனும் உள்ளே போய் விழுந்தான்.

கட்டிலில் சக்கரபாணி எம்.எல்.ஏ. மல்லாந்து கிடந்தார். உலுக்கினால் தலை ஆடியது, கண் திறக்கவில்லை. மூச்சு மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் கரை வேட்டியும் ஆணியில் தொங்க, அவர் லுங்கியிலும் பனியனிலும் இருந்தார். தலைமாட்டில் ஒரு ஸ்டூல். அதன்மேல் மோர்ச் செம்பும் காலி டம்ளரும். கட்டிலுக்கடியில் ஒரு தட்டில் கொசுவத்திச் சுருள் புகைந்துகொண்டிருந்தது. முக்கால்வாசி இன்னும் மிச்சம். ஜன்னலும் சாத்தியிருந்ததால் அறை முழுக்க ஒரே புகை.

"விஷம் வெச்சுட்டானுங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

இன்ஸ்பெக்டர் இராமலிங்கத்துக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. இந்தக் கூட்டம் எப்போது ஊரைக் காலி செய்யும் என்று மூன்று நாளாக அவர் அண்ணாமலையாரை வேண்டாத வேளையில்லை.

அது 1980. தேர்தல் முடிந்த கையோடு, ஏர்முனைக் கட்சியின் பதினோரு எம்.எல்.ஏ.க்களையும் தேரடித் தெரு லாட்ஜில் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். சென்னையில் வைத்திருந்தால் வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்களாம். சட்டமன்றக் கட்சித் தலைவராக ஒருவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. மறுநாள் சபை கூடுவதற்குள் சபாநாயகருக்குப் பெயர் போகாவிட்டால் முன்வரிசை நாற்காலி போய்விடும்.

கட்சியோ இரண்டாகப் பிளந்து கிடந்தது. பழைய தலைவர் பலராமன் ஒரு பக்கம், வக்கீல் அருணகிரி இன்னொரு பக்கம். சில்வர் குடத்தில் சீட்டுப் போட்டு மூன்று தடவை எண்ணினார்கள். மூன்று தடவையும் ஐந்துக்கு ஐந்து, ஒரு வெற்றுச் சீட்டு. அந்த வெற்றுச் சீட்டுக்காரன் யார் என்று ஒவ்வொரு கோஷ்டியும் தன் ஆட்களையே முறைத்தது. அதனால் அன்று காலை ஒரு முடிவு எடுத்தார்கள்: சீட்டு வேண்டாம், நாலு மணிக்கு எல்லோரும் வெளிப்படையாகக் கையைத் தூக்கட்டும்.

சக்கரபாணியைப் பார்த்த அரசு மருத்துவமனை டாக்டர் சுருக்கமாகச் சொன்னார்: "தூக்க மாத்திரை. நாலஞ்சு இருக்கும். உயிருக்கு ஒண்ணும் இல்ல. வயித்தைக் கழுவுறேன், பொழுது சாஞ்சதும் எழுந்துடுவாரு."

இராமலிங்கம் விசாரணையைத் தொடங்கினார். முதலில் பலராமன்.

"அவரு எப்போ ரூமுக்குப் போனாரு?"

"சாப்பிட்டதும் ரெண்டு மணிக்கு. அரைமணி கண்ணசந்துட்டு வரேன்னாரு."

"யாரு மேல சந்தேகம்?"

"இதுல சந்தேகம் வேறயா? அருணகிரி ஆளுங்கதான். சக்கரபாணி என் ஆளு. ராஜகோபுரத்து முன்னாடி சூடம் அணைச்சு சத்தியம் பண்ணினவரு. ஒரு கை கம்மியாவட்டும்னு கவுத்துட்டாங்க."

அடுத்தது அருணகிரி.

"பலராமன் வேலைங்க இது. எனக்கு ஆறு கை இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிபோச்சு."

"ஆறாவது யாரு?"

"சக்கரபாணிதான். சும்மா வாய்வார்த்தை இல்ல, சூடம் அணைச்சு சத்தியம் பண்ணியிருக்காரு."

கேட்டதை மனதில் போட்டுக்கொள்ள இராமலிங்கத்துக்கு நேரம் கிடைக்கவில்லை. வெளியே பாத்திரம் உருளும் சத்தம். மூன்று நாளில் முதல் தடவையாக இரண்டு கோஷ்டித் தொண்டர்களும் ஒற்றுமையாக ஒரு காரியம் செய்துகொண்டிருந்தார்கள். லாட்ஜுக்குச் சாப்பாடும் மோரும் கொடுத்துவந்த சந்திரம்மாளின் மெஸ்ஸுக்குள் புகுந்து, அண்டா குண்டானை எல்லாம் தெருவில் வீசிக்கொண்டிருந்தார்கள்.

"மோர்ல மருந்து கலந்தவளைப் புடிங்க" என்று ஒரே கூச்சல்.

சந்திரம்மாள் வாசலில் அசையாமல் நின்றாள். ஐம்பது வயதிருக்கும். "ஒரே பானை மோருங்க. பதினோரு பேருக்கும் அதுலதான் மொண்டு குடுத்தேன்" என்றாள். யார் காதிலும் விழவில்லை.

அந்த நேரம் பார்த்து டி.எஸ்.பி.யின் போன். "எட்டு மணிக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும், இராமலிங்கம். யாரு பேரா இருந்தாலும் சரி."

இராமலிங்கம் சந்திரம்மாளை ஜீப்பில் ஏற்றச் சொன்னார். கூட்டத்திடமிருந்து காப்பாற்றத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதில் பாதிதான் உண்மை. எட்டு மணிக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால் எழுதுவதற்குக் கைவசம் ஒரு பெயர் இருக்கட்டும் என்பது மறுபாதி. தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்த்தது.

ஸ்டேஷனுக்கு வந்ததும், "அந்த மோர்ச் செம்பைக் கொண்டா, பரிசோதனைக்கு அனுப்பணும்" என்றார்.

சடையன் தலையைச் சொறிந்தான். "செம்பு இருக்குதுங்க ஐயா."

"மோரு?"

"கதவை இடிச்சதுல தொண்டை வறண்டுபோச்சுங்க. பாதிச் செம்பு இருந்துச்சா..."

"குடிச்சுட்டியா?"

"தூக்க மாத்திரைன்னு அப்போ யாரும் சொல்லலீங்களே."

இராமலிங்கம் அவனை வாய்க்கு வந்தபடி திட்டினார். பாதித் திட்டில் நிறுத்தி, அவனை உற்றுப் பார்த்தார். இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் அரைச் செம்பு மோர் குடித்தவன் கண்ணில் துளித் தூக்கம் இல்லை. அப்படியானால் மோரில் ஒன்றும் இல்லை. ஆனால் மாத்திரை எப்படியோ வயிற்றுக்குள் போயிருக்கிறதே.

பொழுது சாய்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சந்திரம்மாள் காலைத் தட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். சடையன் ஒரு கொசுவத்தியைக் கொளுத்தி மேஜைக்கடியில் வைத்தான்.

"பகல்ல ஒண்ணுகூட இருக்காதுங்க. விளக்கு வெச்சா எங்கிருந்துதான் வருதோ" என்றாள் அவள், யாரிடம் என்றில்லாமல்.

இராமலிங்கம் மேஜைக்கடியில் குனிந்து அந்தச் சுருளையே கொஞ்ச நேரம் பார்த்தார். நிமிர்ந்து தொப்பியை எடுத்துக்கொண்டார்.

"நீ வீட்டுக்குப் போம்மா."

அவள் எழுந்து தனியாக நடந்து போனாள்.

ஏழு மணி. லாட்ஜ் கூடத்தில் சக்கரபாணி நாற்காலியில் சாய்ந்திருந்தார். முகம் வெளிறியிருந்தது. கழுத்தில் இரண்டு மாலை, பலராமன் போட்டது ஒன்று, அருணகிரி போட்டது ஒன்று. இரண்டு பேரும் அவரைத் தியாகி என்று அழைத்து முடித்திருந்தார்கள்.

"மாத்திரை குடுத்த ஆளு யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்றார் இராமலிங்கம். "இதோ, ரெண்டு மாலையோட உட்கார்ந்திருக்காரு."

கூடம் ஒரேயடியாகக் கத்தியது. இராமலிங்கம் அடங்கும்வரை காத்திருந்தார்.

"ஐயா, நீங்க அரைமணி கண்ணசந்துட்டு நாலு மணிக்குக் கை தூக்க வர்ற ஆளு. பகல்ல இங்க கொசுவே கிடையாது. பட்டப்பகல் ரெண்டு மணிக்கு ராத்திரி பூரா எரியற சுருளை எதுக்குக் கொளுத்தினீங்க? பொழுது சாஞ்சு கொசு வர்ற நேரத்துல எழுந்து கொளுத்த முடியாதுன்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அது மாத்திரை போட்டவருக்கு மட்டும்தான் தெரியும்."

சக்கரபாணி கையால் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"ஏன்னும் சொல்லிடறேன். பலராமன் ஐயா உங்களைத் தன் ஆளுங்கறாரு, வக்கீல் சாரும் தன் ஆளுங்கறாரு. ரெண்டு பேருக்கும் சூடம் அணைச்சிருக்கீங்க. சீட்டுல போடற வரைக்கும் வெறுஞ்சீட்டு போட்டுத் தப்பிச்சீங்க. கை தூக்கணும்னா எந்தக் கையைத் தூக்குவீங்க?"

"தூக்கம் வரலைன்னு நான் வெச்சிருந்த மாத்திரைதான்" என்றார் சக்கரபாணி மெதுவாக. "வந்த அன்னிக்குக் காலையில அவரு கோபுரத்துக்கு இழுத்துட்டுப் போனாரு, சாயந்திரம் இவரு. ரெண்டு பேருகிட்டயும் மாட்டேன்னு சொல்ல வாய் வரல. அண்ணாமலையாருக்கு எதிர்ல பண்ணின சத்தியம், எதை மீறினாலும் பாவம். வர்ற ஓட்டை எப்படி நிறுத்தறதுன்னு தெரியல, தூங்கிட்டேன்."

டி.எஸ்.பி.க்குப் போன் போட்டார் இராமலிங்கம். "எம்.எல்.ஏ. மேல கேஸா? போய் வேற வேலையைப் பாரு" என்று பதில் வந்தது.

அதற்குள் கூடத்தில் சக்கரபாணியைக் கட்சியிலிருந்து நீக்கித் தீர்மானம் போட்டிருந்தார்கள். பத்துக் கையும் உயர்ந்தது, ஒருமனதாக நிறைவேறியது. அந்தச் சூட்டோடு தலைவருக்கும் கை தூக்கினார்கள். ஐந்துக்கு ஐந்து. நாலு நாற்காலி உடைந்தது.

எட்டு மணிக்குப் பசி வந்தது. பத்து எம்.எல்.ஏ.க்களும் மெஸ் வாசலுக்கு வந்து நின்றார்கள். சந்திரம்மாள் சொட்டையான குண்டானை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பத்து இலை போடும்மா" என்றார் பலராமன், ஒன்றுமே நடக்காதது போல.

"என் கையால சாப்பிட்டா தூக்கம் வந்துடுமேங்க."

கூட வந்திருந்த இராமலிங்கம் முன்னால் வந்தார். "உன் மேல ஒரு குத்தமும் இல்லம்மா. அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"சந்தோஷம்ங்க" என்றாள், தலையை நிமிர்த்தாமல். "ஜீப்புல ஏத்தினப்போ தெருவே பாத்துச்சு. குத்தம் இல்லன்னு எனக்கு மட்டும் வந்து சொல்றீங்க. எனக்கு அது முன்னாடியே தெரியுங்களே."

இராமலிங்கத்துக்குச் சுருக்கென்றது. கோபம் யார் மேல் என்று தெரியாமல் தெருவில் இறங்கினார். சாக்கடை ஓரம் குப்புறக் கிடந்த அண்டாவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அழுக்குத் தண்ணீர் காக்கிச் சட்டையில் வழிந்தது. தேரடி வரைக்கும் கேட்கிற குரலில் கத்தினார்.

"எல்லாரும் வெளியே வாங்க. கேட்டுக்குங்க. சந்திரம்மா யாருக்கும் எந்த மருந்தும் வெக்கல. விசாரிக்காம ஜீப்புல ஏத்தினது நான். தப்பு என்னுது."

ஒவ்வொரு வாசலாக ஆட்கள் வந்து நின்றார்கள். அண்டாவை அவள் படியில் இறக்கி வைத்தார். அவள் எழுந்து அதை உள்ளே இழுத்து வைத்துவிட்டு, ஒரு தடவை அவரைப் பார்த்தாள்.

பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பு அன்றைக்குப் பற்றவில்லை.