ஒன்பது மணிக்கு எரியும் பியூஸ்

காலை எட்டரைக்கே பெரியகல்லாற்றில் வெயில் முதுகைச் சுட்டது. மெக்கானிக் மீராசாஹிப் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, வல்லிபுரத்தாரின் பழைய காருக்குள் தலையை நுழைத்தார். ஐந்தாவது நாளாக வருகிறார். அவருக்கும் அலுத்துவிட்டது, காருக்கும் அலுத்திருக்கும்.

கோளாறு ஒன்றுதான். தினமும் காலை ஒன்பது மணிக்கு ஹோர்ன் பியூஸ் எரிந்துவிடும். வயரை மாற்றிப் பார்த்தார். பொத்தானை மாற்றிப் பார்த்தார். நேற்றுப் பற்றறியையே கழற்றி வைத்தார்.

அப்படியும் எரிந்தது.

கார் விலைப்பட்டுவிட்டது, வாங்குபவர் நாளை வருகிறார். சண்டையும் முடிந்த வருடம். இனியாவது அதை வாசலில் பார்க்காமல் இருக்கவேண்டும் என்பதுதான் வல்லிபுரத்தாரின் ஆசை.

சுனாமி வந்த காலை ஒன்பது மணிக்கு, கோயிலுக்குப் போக மனைவி அன்னப்பூரணியைக் காரின் இடப்பக்க ஆசனத்தில் இருத்திவிட்டு, பூத்தட்டை எடுக்க வீட்டின் பின்பக்கம் போனார். அலை அவரைத் தென்னையில் ஒதுக்கிவிட்டது. காரை மூன்றாம் நாள் வாவிக் கரையில் கண்டெடுத்தார்கள். அவள் பெருவிரல் ஹோர்ன் பொத்தானில் இருந்தது.

"ஒருக்கா அடிச்சிருந்தா ஓடி வந்திருப்பன்." ஐந்து வருடமாக இதையேதான் சொல்கிறார்.

அவள் அடித்தாள். சத்தம் வரவில்லை. ஏன் என்பது மீராசாஹிபுக்கு மட்டும் தெரியும்.

அந்த வாரம்தான் எரிந்த பியூஸில் சிகரட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றிக் கொடுத்திருந்தார். சண்டைக் காலத்தில் பழகிய கை, கடையில் பியூஸ் கிடைத்த போர்நிறுத்த நாட்களிலும் ஈயத்தாளைத்தான் தேடியது. பியூஸ் எரியாவிட்டால் வயர் எரியும். அலைக்குப் பிறகு காரைப் பிரித்தபோது கருகிய வயரைக் கண்டார். வாயைத் திறக்கவில்லை.

இன்று ஹோர்னையே கழற்றி மணலில் வைத்தார். ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

காகம்கூடக் கத்தவில்லை.

காருக்குள் வாவிச் சேற்றின் மணம் எழுந்தது.

இனி மறைக்க ஏலாது என்று அவருக்குப் பட்டது.

"அண்ணன், மதினி அடிச்சவ," என்றார் வாசலில் நின்ற வல்லிபுரத்தாரிடம் மெல்ல. "நான்தான் பியூஸில ஈயத்தாள் சுத்தின. வயர் எரிஞ்சு போச்சு. அதான் சத்தம் வரல்ல."

அவர் காருக்குக் கிட்ட வந்தார்.

மணலில் கிடந்த ஹோர்ன் அடித்தது.

வயர் இல்லை. பற்றறி இல்லை.

விடாமல் அடித்தது.

"இந்தா வாறன் புள்ள," என்றார் வல்லிபுரத்தார். வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார்.

சத்தம் நின்றது.

யாரும் இல்லாத இடப்பக்க ஆசனம் மெல்ல அமிழ்ந்தது. அந்தக் கதவின் அடியால் தண்ணீர் சொட்டியது. மீராசாஹிப் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்புக் கரித்தது.