இரண்டு கைக் கொண்டி

லைலாவின் புது வீட்டுக்கு நான் போனது வாசலை அளவெடுக்கத்தான். இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு, மே மாதத் தொடக்கம். கச்சான் காற்று பிடித்திருந்தது. கடலை விட்டுத் தள்ளி, வயலை நிரப்பிக் கட்டிக் கொடுத்த சுனாமி வீடுகள் அவை. எல்லாம் ஒரே அச்சு. பெருநாளன்று ஒருவன் பசியோடு உள்ளே போய் இரண்டு துண்டு வட்டிலப்பம் தின்ற பிறகுதான், பரிமாறுகிறவள் தன் உம்மா இல்லை என்று கண்டுபிடிப்பான்.

லைலாவின் வாசலிலிருந்து இருபது எட்டு வைத்தால் வாய்க்கால். வேளாண்மைக்குத் தண்ணீர் திறந்த நேரம். கரை முட்ட ஓடிக்கொண்டிருந்தது.

“நுஸ்ஹாக்கு ஒண்டர வயசு காக்கா. நடந்த புள்ள இப்ப ஓடுறா. நான் தறியில குந்தினா என்ட முதுகுல கண்ணா இரிக்கி? வாசலுக்கு ஒரு அரக்கதவு போட்டுத் தாங்க.”

லைலா என்னை அண்ணன் முறையில் காக்கா என்பாள். அவள் புருஷன் றஸாக் கட்டாரில். சுனாமி வந்தபோதும் கட்டாரில்தான். இடையில் இரண்டு மாதம் லீவில் வந்து போனான். அதற்கு அத்தாட்சி நுஸ்ஹா.

நான் அளவுநாடாவைச் சுருட்டும்போது லைலா குரலைத் தாழ்த்தினாள்.

“பழைய மாதிரி வேணா. ஒரு கையால திறக்கிற மாதிரிப் போடுங்க.”

“ஓம்” என்றேன். வேறொன்றும் சொல்லவில்லை. நான் வேறொன்றும் சொல்லாமலிருந்தது ஊருக்குத் தெரிந்திருந்தால் டாக்டரைக் கூட்டி வந்திருப்பார்கள்.

மருதமுனையில் மக்கீன் வீடு எது என்று கேட்டால் ஒருவரும் கைகாட்ட மாட்டார்கள். கொண்டி மக்கீன் என்று கேட்க வேண்டும். நாற்பது வருடம் இரும்பில் கதவும் கேற்றும் கொண்டியும் செய்தவன். ஒருமுறை நற்பிட்டிமுனையில் ஓர் ஆட்டுக்கொட்டிலுக்குக் கொண்டி போட்டேன். மூன்றாம் நாளே கிடாய் அதைத் திறக்கப் பழகிவிட்டது. ஆனால் வெளியே போனபின் திரும்பி நின்று பூட்டிவிட்டுத்தான் போகும். அவ்வளவு நல்ல கொண்டி.

லைலாவின் பழைய கதவும் நான் செய்ததுதான்.

அப்போது அவள் வீடு கடற்கரை ஓரம். முற்றத்தில் தறிக்கொட்டில். மூத்தவள் ஸப்னாவுக்கு மூன்று வயது. லைலா நெய்யும் நேரத்தில் பிள்ளை வெளியே ஓடாமலிருக்க வீட்டு வாசலில் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பிக் கதவு. அதன் கொண்டியில் என் தலைக்கனம் முழுவதையும் போட்டிருந்தேன். மேலே ஒரு குமிழ், அதை இழுத்துப் பிடிக்க வேண்டும். ஒன்றரை அடி கீழே ஒரு நாக்கு, அதே நேரத்தில் அதை அழுத்த வேண்டும். இரண்டு கை வேண்டும். இரண்டும் பெரியவர்களின் கையாக இருக்க வேண்டும்.

நான் மட்டும் அதை ஒரு கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு திறப்பேன்.

கொண்டிப் பக்கத்தில் ஒன்றுமில்லை. வித்தை பிணைச்சல் பக்கத்தில், கீல் இருக்கிற பக்கம். கதவைத் தாங்குகிற இரண்டு முளைகளில் கீழ் முளையிலிருந்து கதவு மேலே எழும்பாமல் வெளிப்புறத்தில் ஒரு சிறு தகடு பிடித்திருந்தது. கால் பெருவிரலால் தகட்டை இரண்டு தட்டுத் தட்டினால் விலகிவிடும். பிறகு முழுக் கதவையும் ஒரு கையால் மேலே தூக்கலாம். நான் உடுத்திருக்கும் சாரம் காலை மறைத்துவிடும். கையை ஆட்டி ஆட்டி மந்திரம் ஓதுகிறவன் போல நிற்பேன், எல்லோரும் கையைப் பார்ப்பார்கள். கழன்ற கதவைத் தலைகீழாகச் சுவரில் சாய்த்துவிட்டுச் சலாம் வைப்பேன். உள்ளே தரையில் நூல்கட்டை உருட்டிக்கொண்டிருக்கும் ஸப்னா கைதட்டிச் சிரிப்பாள்.

“என்னெண்டு காக்கா? எனக்கும் செல்லித் தாங்களன்” என்று லைலா கெஞ்சுவாள்.

“ஹஜ்ஜுப் பெருநாளைக்குச் செல்றன்.”

பெருநாளைக்கு இன்னும் ஒரு மாதம்கூட இருக்கவில்லை. அவள் செய்யும் வட்டிலப்பத்தில் எனக்கொரு கண் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் கடல் வந்தது. லைலா தறிக்கொட்டிலில். பிறந்து நாற்பது நாள் கழியாத மகன் றிம்சான் கையில் பால் குடித்துக்கொண்டிருந்தான். ஸப்னா கதவுக்கு உள்ளே. லைலா ஓடிவந்து குமிழை இழுத்தாள். நாக்கை அழுத்தக் கை இல்லை. குமிழை விட்டு நாக்கை அழுத்தினாள். குமிழை இழுக்கக் கை இல்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்துவிட்டது. கையிலிருப்பதைக் கீழே வைக்க இடமில்லை.

றிம்சான் வளர்ந்து, இரண்டாயிரத்து ஒன்பதில் பாலர் பாடசாலைக்குப் போனான்.

அகதிகள் தங்கிய பள்ளிக்கூடத்தில் லைலா எல்லோரிடமும் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: “அவ அழல்ல. குனிஞ்சி, கீழ கீழ எண்டு கையக் காட்டினா. தண்ணி வருது எண்டு எனக்குக் காட்டினா.”

அதைக் கேட்டுவிட்டு நான் வெளியே போய் ஒரு பீடி பற்றவைத்தேன்.

புதுக் கதவில் வித்தை ஒன்றும் வைக்கவில்லை. ஒரு கையால் தூக்கித் திறக்கிற நேர்மையான கொண்டி, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில். மாட்டிக் கொடுத்த மூன்றாம் நாள் லைலா ஆள் அனுப்பினாள். கதவு திறந்து கிடந்ததாம். நுஸ்ஹா வாய்க்கால் கரையில் குந்தி, இரண்டு காலையும் தண்ணீரில் விட்டுக்கொண்டிருந்தாளாம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தலைமுடியைத்தான் தேடியிருக்க வேண்டும்.

“பக்கத்து வீட்டுப் பொடியன்மாரா இரிக்கும்” என்றேன். ஆமைப்பூட்டு ஒன்றை வாங்கிப் போட்டேன். பூட்டின் திறப்பை லைலா கழுத்தில் கட்டிக்கொண்டாள்.

மறுநாளும் ஆள் வந்தது.

பூட்டு பூட்டியபடியே தொங்கியது. கதவு பிணைச்சல் பக்கத்தால் கழன்றிருந்தது. அதில் எனக்குப் பயமில்லை, கதவென்றால் கழலும். அது சுவரில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

தலைகீழாக.

“நேத்தும் இதே நேரம் காக்கா” என்று லைலா மெல்லச் சொன்னாள். நுஸ்ஹாவை இடுப்பிலிருந்து இறக்கவேயில்லை. “றிம்சான விட்டுட்டு வந்து தறியில குந்துவன். எட்டு இருவது. லெப்பைட்ட ஓதின தண்ணியும் தெளிச்சிட்டன்.”

எட்டு இருபதில் என்ன இருக்கிறது? யோசித்துக்கொண்டே கம்பி வாங்கக் கல்முனைக்குப் போனேன். இரும்புக் கடைச் சுவரில் ஒரு பழைய மணிக்கூடு அரை மணித்தியாலம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

“உங்கட மணிக்கூடு பிழை தம்பி.”

“பிழையில்ல காக்கா, அது பழைய நேரம். வாப்பா மௌத்தானதோட அத ஒருத்தரும் மாத்தல்ல.”

நான் கம்பியைக் கீழே வைத்தேன். இரண்டாயிரத்து ஆறில் அரசாங்கம் நாட்டின் நேரத்தை அரை மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளியது. உயிரோடிருந்த நாங்கள் எல்லோரும் தள்ளினோம்.

இன்றைய எட்டு இருபது, அன்றைக்கு ஒன்பதுக்குப் பத்து.

அன்று மாலையே போய் முளைகளின் தலையை மடக்கி வெல்டிங் வைத்து ஒட்டினேன். இனி அந்தக் கதவைக் கழற்ற வேண்டுமென்றால் முளையை அறுக்க வேண்டும். ஒட்டி முடித்துவிட்டு, நாளைக்கு வந்து காவலிருக்கிறேன் என்று லைலாவிடம் சொன்னேன்.

மறுநாள் மே பத்தொன்பது. சண்டை முடிந்ததென்று சந்தியில் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. பாற்சோறு கொடுத்தார்கள். வாங்காதவனின் முகத்தை இரண்டாம் தரம் பார்த்தார்கள், ஆகையால் நான் வாங்கிக்கொண்டேன். லைலாவின் முற்றத்தில் கதிரை போட்டுக் குந்தினேன். கையில் தேத்தண்ணி. கதவுக்கு உள்ளே நுஸ்ஹா ஒரு நூல்கட்டையை உருட்டிக்கொண்டிருந்தாள். தறி ஓடும் சத்தம் பின்புறத்திலிருந்து வந்தது. வெயில் நன்றாக ஏறிவிட்டது. பேய் வருகிற நேரமே இல்லை.

கச்சான் நின்றது.

கஞ்சி போட்ட நூல் நனைந்தால் ஒரு வாசனை வரும். புளித்த சோறு போல. அதோடு உப்பும் கலந்து, தரையை ஒட்டி வந்தது.

நுஸ்ஹா கட்டையை விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

டக்.

என் கணுக்கால் உயரத்தில், பிணைச்சல் பக்கத்தில்.

டக்.

கதவு எழும்பியது. மடக்கி ஒட்டிய முளைகள் வளையத்துக்குள்ளால் வந்தன. வளையம் உடையவில்லை. முளை நிமிரவில்லை. நான் சொன்ன எதையும் ஊர் நம்ப வேண்டாம், ஆனால் அந்தக் கதவைச் செய்தவன் நான். அது ஏலாத காரியம்.

கதவு காற்றில் தலைகீழாகத் திரும்பிச் சுவரில் சாய்ந்தது.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. யாரோ எதற்கோ காத்திருப்பது போல இருந்தது.

நுஸ்ஹா கைதட்டினாள்.

தட்டிவிட்டு வாசலைத் தாண்டினாள். வலது கை மேலே தூக்கியிருந்தது, ஒருவர் பிடித்துக் கூட்டிப் போவது போல. மூன்று வயதுப் பிள்ளையின் கை எட்டுமளவு உயரம். வாய்க்காலை நோக்கி விறுவிறென்று நடந்தாள். வாய்க்கால் மேற்கில். கடல் வருகிறதென்றால் மனிதர் ஓடும் பக்கம் அதுதான்.

கோப்பையைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வயதில் ஓட்டமென்றால் கோழிக்கே சிரிப்பு வரும். ஒரு காலைத் தண்ணீரில் வைத்தவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்தேன். மேலே தூக்கியிருந்த கையை எதிர்ப்பக்கம் ஒன்று இழுத்தது. பிறகு விட்டது. அந்தக் கை மட்டும் ஈரமாயிருந்தது.

லைலா ஓடிவந்து பிள்ளையைப் பறித்தாள்.

“புள்ள, ஒண்டு செல்லோணும்” என்றேன்.

“உங்கட கதையொண்டும் இப்ப வேணா காக்கா.”

“கதை இல்ல.”

அவளைக் கதவடிக்குக் கூட்டிப் போனேன். குந்தியிருந்து, பழைய கதவில் தகடு இருந்த இடத்தைத் தொட்டுக் காட்டினேன். காலால் இரண்டு தட்டு. ஒரு கையால் தூக்கல். வெளியில் நிற்பவரால் மட்டும் முடியும்.

“எல்லாரும் என்ட கையத்தான் பாத்தாங்க. கீழ குந்தி இருந்து காலப் பாத்தவ அவ ஒருத்திதான். அண்டைக்கி அவ உனக்குக் காட்டினது தண்ணிய இல்ல, லைலா.”

சந்தியில் ஒரு கட்டுப் பட்டாசு முழுவதாக வெடித்து முடிந்தது. அவள் நுஸ்ஹாவை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

“ஹஜ்ஜுப் பெருநாளைக்குச் செல்றண்டு சென்னீங்க.”

“ஓம்” என்றேன்.

“அஞ்சு ஹஜ்ஜு போயிட்டு காக்கா.”

அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அறையவில்லை.

“கதவத் திருப்பி மாட்டுங்க. நாளைக்கு வெள்ளன வாங்க.”

இரண்டு தட்டில் வந்த கதவைத் திரும்ப மாட்ட, இரும்பறுக்கும் வாளால் முளைத் தலைகளை அறுக்கவே எனக்கு அரை மணித்தியாலம் பிடித்தது.

மறுநாள் எட்டு இருபதுக்கு வீட்டுக்குள் ஒருவரும் இல்லை. லைலா கதவுக்கு வெளியே நின்றாள். இடது இடுப்பில் நுஸ்ஹா. வலது கை மட்டும் காலி. அந்த வாசனை உள்ளேயிருந்து வந்தது. அவள் சேலையைக் கொஞ்சம் தூக்கி, பெருவிரலால் கீழ் மூலையில் தட்டினாள். தகடு இல்லாத கதவில்.

டக். டக்.

ஒரு கையால் தூக்கினாள். பஞ்சு போல வந்தது.

“வாங்க கிளி” என்றாள் மெதுவாக. “உம்மா திறந்திட்டன்.”

அவளுடைய முந்தானை நுனி கீழ்நோக்கி விறைத்தது. பிடித்த கை பெரிதில்லை. சற்று நேரம் அப்படியே நின்று, பிறகு தளர்ந்தது. லைலாவின் கண் முழங்கால் உயரத்தில் எதையோ பின்தொடர்ந்தது. வாசலைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, என் காலடியில் வந்து நின்றது.

“அவக்கு வாய்க்காலக் கண்டா பயம் போல காக்கா” என்றாள். “நீங்க கூட்டிட்டுப் போங்க.”

நான் திரும்பி நடந்தேன். கீழே பார்க்கவில்லை. பின்னால் நுஸ்ஹா யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள். எனக்கில்லை.

அதன் பிறகு லைலாவின் கதவு தானாகத் திறந்ததே இல்லை. நுஸ்ஹா வளர்ந்து இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கதவை ஆட்டுக்கொட்டிலுக்கு மாற்றிவிட்டார்கள்.

என் வீடு பழைய இடத்திலேயே, கடலுக்குக் கிட்ட. நான் தனி ஆள். அவளைக் கூட்டி வந்த மறுநாள் காலை எட்டு இருபதுக்கு முன்வாசலில், வெளிப்புறமாக, கணுக்கால் உயரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது. கொண்டியைக் கழற்றினேன். அடுத்த நாளும் கேட்டது. கதவையே கழற்றி விற்றேன். நிலையையும் பெயர்த்தேன். இப்போது அங்கே ஒரு பழைய சாரம்தான் தொங்குகிறது. ஊரில் கொண்டி மக்கீன் வீட்டுக்கு மட்டும்தான் கதவில்லை என்று சிரிக்கிறார்கள். நானும் கூடச் சிரிக்கிறேன்.

துணிதான் தொங்குகிறது. தட்டுக் கேட்பது இரும்பில்.

திறக்கத் தெரியாமல் தட்டவில்லை அவள். ஒரு நாள் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கதவும் கழலும். தினமும் எட்டேகாலுக்குத் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, வாசலைப் பார்த்து நின்றுகொள்வேன்.

இரண்டு கையும் காலியாக வைத்திருக்கிறேன்.