பதில் தட்டிய கல்

மழை விட்டிருந்த காலையில் கோயில் மலைப் பக்கமிருந்து கல் வண்டி வந்து கோட்டை மதிலடியில் நின்றது. கொத்தன் கன்பெய் ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிக் காது கொடுத்தான். நல்ல கல் கணீரென்னும், விரிசல் விட்ட கல் சொத்தென்னும்.

மதில் ஏற்கெனவே இரண்டு முறை வயிறு தள்ளிச் சரிந்திருந்தது. இன்னொரு தரம் சரிந்தால் கொத்தன் வீட்டுப் பெண்ணை உயிரோடு உள்ளே வைத்துக் கட்டுவோம் என்று கோட்டை அதிகாரி சொல்லிவிட்டான். கன்பெய் வீட்டில் பெண் என்றால் மனைவி சாயோ ஒருத்திதான். அவளுக்கு இது நிறைமாதம். பாவம், அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

வண்டிச் சுமையின் அடியில் நீளமாக ஒரு கல் கிடந்தது. சாந்து பூசாத மதிலுக்கு நீளக் கல்தான் உயிர். அதன் பின்முனையை மதிலுக்குள் செலுத்திவிட்டால் பின்னாலிருக்கும் சல்லியைக் கவ்விக்கொள்ளும். ஆசையாகத் தட்டினான்.

கணீர்.

பிறகு, கல்லுக்குள்ளிருந்து, டொக் டொக்.

கூட்டாளி இவாசோ பாசியைச் சுரண்டிப் பெயரைப் பார்த்தான். முகம் வெளுத்துவிட்டது.

"டேய், இது சமாதிக் கல்லு. பிள்ளை வயித்துல இருக்கும்போதே செத்தாளே, படகுக்காரன் பொண்டாட்டி, அவளோடது."

"சமாதிக் கல்லு எத்தனை வச்சுக் கட்டியிருக்கோம். இதுல மட்டும் என்ன?"

"அதெல்லாம் பதில் தட்டலையேடா."

"அப்ப சாயோவை உள்ள வைக்கட்டுங்கிறியா?"

இவாசோ கடப்பாரையை எடுத்தான். இருவரும் நெம்பி அதை மதிலுக்குள் தள்ளினார்கள்.

அடுத்து வந்த மழை பேய் மழை. ஏரிக்கரைப் பாதையே முழுகிப்போனது. மதில் இம்மி அசையவில்லை. அதிகாரி வந்து பார்த்து, தலையசைத்துவிட்டுப் போனான். கன்பெய் மதிலில் நெற்றியை வைத்து வாய்விட்டு அழுதான். பிறகு பயந்து பயந்து அந்த நீளக் கல்லைச் சுத்தியலால் தட்டிப் பார்த்தான்.

பதில் இல்லை.

அப்பாடா என்றிருந்தது. வீட்டுக்கு ஓடினான். சாயோ அடுப்போரம் வயிற்றைப் பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நாலஞ்சு நாளா பிள்ளை அசையவே இல்ல. நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல. இப்பத்தான் அசையுது, வந்து கேளுங்க."

அவன் குனிந்து வயிற்றில் கையை வைத்து, காதையும் வைத்தான்.

டொக் டொக்.

"கேட்டுச்சா?" என்றாள் மெதுவாக.

வயிற்றில் வைத்திருந்த கையை வெடுக்கென்று எடுத்தான். உள்ளங்கையில் ஈரமாகப் பாசி ஒட்டியிருந்தது.