தைலம்மாளின் மூன்று நெஞ்சுப் படங்கள்

பொன்னுரங்கம் மூன்று எக்ஸ்ரே படங்களையும் மேசைமேல் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் இருபது வருஷம் கொதிகலன் பக்கம் நின்று பழகியவர், கோபம் வந்தால் உட்கார மாட்டார்.

"மொதப் படம் கடலூர்ல எடுத்தது. வலது நெஞ்சுல வட்டமா ஒரு பொட்டு. கட்டியா இருக்கலாம்னு சொன்னாங்க. மனசு கேக்கல. உங்ககிட்ட வந்து எடுத்தோம். ஒண்ணுமில்லைன்னு எழுதிக் குடுத்தீங்க. கடலூர் டாக்டர் நம்பல, அங்கயே மறுபடி எடுக்கச் சொன்னாரு. மொதப் படம் எடுத்த ஏழாம் நாளு, மறுபடி பொட்டு. திங்கக்கெழம மெட்ராஸ் போயி ஊசி உட்டு சதைய எடுத்துப் பாக்கணுமாம். டாக்டரம்மா, எம் பொண்டாட்டி நெஞ்சுல கட்டி இருக்குதா, இல்லையா?"

2007 ஜூலை மாதத்து வெள்ளிக்கிழமை காலை அது. சிதம்பரம் வடக்கு வீதியில் அந்த ஸ்கேன் நிலையத்தை நடத்துகிற டாக்டர் அகிலாண்டம் படங்களைக் கையில் எடுத்தார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. இந்த விஷயத்தில் பயமும் இருந்தது. 'ஒன்றுமில்லை' என்று எழுதியது அவர் கைதான். கட்டி இருந்தால் அவரால் நாள் வீணாகிறது. இல்லையென்றால் நல்ல நுரையீரலில் ஊசி இறங்கப் போகிறது.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்றேன். தெரியாம உங்கள பஸ் ஏத்த மாட்டேன்" என்றார்.

வெளியே பெஞ்சில் தைலம்மாள் இருமிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மூன்று மாத இருமல். சாயங்காலமானால் உடம்பு சுடும். பழைய ஜாக்கெட்டெல்லாம் தொளதொளவென்று ஆகிவிட்டதாக அவளே சொன்னாள்.

அகிலாண்டம் மூன்று படங்களையும் விளக்குப் பெட்டியில் வரிசையாகச் செருகினார். பக்கத்தில் ராஜகணேஷ் வந்து நின்றான். கடலூர் மாவட்டத்தில் பாதி எக்ஸ்ரே இயந்திரங்களைப் பழுது பார்ப்பவன் அவன்தான். இயந்திரத்தைவிட மர்மத்தில் ஆசை அதிகம். வேலை முடிந்த பிறகும் போகாமல் நிற்பான்.

"படம் மாறிப்போச்சு மேடம். வேற யாரோ ஒருத்தரோட படம் இவுங்க பேர்ல வந்துருச்சு. கடலூர்ல படம் எடுக்கற ஆரோக்கியராஜ் அங்க ஒத்த ஆளு, கூட்டமோ ஜாஸ்தி."

பொன்னுரங்கம் பல்லைக் கடித்தார். "நானும் அதான் சொல்றேன். அந்த ஆள வேலைய விட்டுத் தூக்கச் சொல்லி எழுதிக் குடுத்துட்டுத்தான் வந்தேன்."

"அவசரப்பட்டுட்டீங்க" என்றார் அகிலாண்டம். "வலது பக்கம் ஆறாவது விலா எலும்பப் பாருங்க, லேசா கோணலா இருக்கு. எப்பவோ ஒடஞ்சு கூடினது. மூணு படத்துலயும் அதே எலும்பு, அதே கோணல்."

"சின்னப் புள்ளையில கரும்பு வண்டியிலேருந்து உழுந்தேன்" என்று வாசலிலிருந்து தைலம்மாளின் குரல் வந்தது.

"அப்ப மூணும் இவுங்க படந்தான்" என்றார் அகிலாண்டம். ராஜகணேஷின் முகம் வாடியது. அடுத்த நிமிஷமே வேறு யோசனையோடு நிமிர்ந்தான்.

"போன வாரம் அங்க சர்வீஸுக்குப் போனேன் மேடம். நெஞ்ச ஒட்டி நிக்கிற பலகையில மஞ்சளா ஒரு கறை. படம் கழுவுற மருந்துன்னு நெனச்சுத் தொடச்சேன். அந்த மருந்துதான் படத்துலயும் சொட்டி பொட்டு வச்சிருக்கு."

"ரெண்டு தடவையுமா? ஒரே பக்கமா?"

அகிலாண்டம் இரண்டு கடலூர் படங்களையும் அளவுகோல் வைத்து அளந்தார். மூச்சு இழுத்த அளவு இரண்டிலும் ஒன்றுதான். பொட்டு மட்டும் இரண்டாவது படத்தில் ஒரு விலா எலும்பு கீழே இறங்கியிருந்தது. அதன் விளிம்பும் வரைந்து வைத்ததுபோல் கூர்மையாக இருந்தது.

தன் நிலையத்தில் படம் எடுக்கும் மாலதியைக் கூப்பிட்டார். "பொம்பளைங்க வந்தா தாலிய என்ன பண்ணச் சொல்லுவ?"

"கழட்டச் சொன்னா சங்கடப்படுவாங்க டாக்டர். கயித்த மேல தூக்கி வாயில கவ்விக்கச் சொல்லுவேன். இவுங்களும் அப்படித்தான் நின்னாங்க."

"கடலூர்ல?" என்று பொன்னுரங்கத்தைக் கேட்டார்.

"அங்க போர்டே மாட்டியிருக்கான். தாலி உட்பட உலோகம் எதுவும் கூடாதுன்னு. ரெண்டு தடவையும் கழட்டி என் கையில குடுத்துட்டுத்தான் உள்ள போனா."

அகிலாண்டம் விளக்குப் பெட்டியை அணைத்தார். "கிளம்புங்க, கடலூர் போகலாம்."

ராஜகணேஷின் மாருதி வேனில் நான்கு பேரும் போனார்கள். அவன் வழியெல்லாம் கேட்டுப் பார்த்தான், "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்பதோடு அகிலாண்டம் நிறுத்திக்கொண்டார்.

கடலூர் நிலையத்தில் ஆரோக்கியராஜ் அவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றான். பதினான்கு வருஷம் படம் எடுத்தவன். ராத்திரி தூங்காதது கண்ணில் தெரிந்தது.

"மேடம், நான் எடுத்த படத்துல தப்பில்ல. என்ன இருந்துச்சோ அதான் வந்துச்சு."

"அதத்தான் நானும் சொல்ல வந்தேன். இன்னொரு படம் எடுக்கணும். இந்தத் தடவ பக்கவாட்டுல." பிறகு தைலம்மாளிடம் திரும்பினார். "போன ரெண்டு தடவை எப்படி வந்து நின்னீங்களோ, ஒண்ணும் மாத்தாம அப்படியே வந்து நில்லுங்க."

தைலம்மாள் தாலியைக் கழற்றிப் புருஷன் கையில் கொடுத்துவிட்டு, சுருக்குப் பையோடு திரைக்குப் பின்னால் போனாள். நிலையத்து மெல்லிய அங்கியை மாட்டிக்கொண்டு வந்து பக்கவாட்டில் நின்றாள். ஆரோக்கியராஜ் வழக்கம்போல் தலையைக் குனிந்தபடியே கையை எங்கே வைக்கவேண்டும் என்று சொன்னான். பெண்கள் வந்தால் அவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. படம் எடுத்து, இருட்டறையில் கழுவி, ஈரத்தோடு கொண்டுவந்து மாட்டினான்.

எல்லோரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். பொட்டு இருந்தது. ஆனால் நுரையீரலில் இல்லை, எலும்புக் கூட்டுக்குள்ளேயே இல்லை. நெஞ்செலும்புக்கு முன்னால், தோலுக்கும் வெளியே நின்றது.

"தைலம்மா, கழுத்துல என்ன கட்டியிருக்கீங்க?" என்று அகிலாண்டம் மெதுவாகக் கேட்டார்.

அவள் அங்கிக்குள் கைவிட்டு ஒரு மஞ்சள் கயிற்றை இழுத்தாள். அதன் நுனியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மஞ்சள் கிழங்குத் துண்டு.

"தாலிய கழட்டுனா மஞ்சளாச்சும் கட்டணும் இல்லீங்களா. அவரு வெளிய குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு, நான் வெறுங்கழுத்தோட எப்படி நிப்பேன்? உலோகம்தான் ஆகாதுன்னு எழுதியிருந்திச்சு. இது கெழங்குதானேன்னு கட்டிக்கிட்டேன். அந்தத் தம்பி பாத்தா ஏதாச்சும் சொல்லுமோன்னு வலது பக்கமா ஒதுக்கி வச்சிக்கிட்டேன்."

"இதுல இவுங்க தப்பு ஒண்ணுமில்ல" என்றார் அகிலாண்டம். "எக்ஸ்ரே படம் நெஞ்சுக்கு முன்னால இருக்கறதையும் உள்ள இருக்கறதையும் ஒரே தாள்ல அமுக்கிக் காட்டும். எது எங்க இருக்குன்னு நேர்ப் படத்துல தெரியாது. தங்கம்னா பளிச்சுனு வெள்ளையா வந்து மாட்டிக்கும். ஈரக் கிழங்கு சதை மாதிரிதான் விழும். ஏழு நாள்ல ஒரு கட்டி ஒரு எலும்பு தூரம் எறங்காது, அதனால அது உள்ள இல்லைன்னு சந்தேகப்பட்டேன். விளிம்பு கூர்மையா இருந்ததால பலகைய ஒட்டி இருக்கற பொருள்னு தோணுச்சு. பலகையில மஞ்சள் கறை பாத்தேன்னு நம்ம ராஜகணேஷே சொல்லிட்டாரு. சிதம்பரத்துல தாலி வாயில இருந்தது, மஞ்சளுக்கு வேலையில்ல. அதனால பொட்டும் இல்ல."

ராஜகணேஷ் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டான்.

பொன்னுரங்கம் ஆரோக்கியராஜிடம் போய் அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கப்பா. எழுதிக் குடுத்தத நானே திரும்ப வாங்கிடறேன்." பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தார். "எழுந்திரு தைலா, ஊட்டுக்குப் போலாம். ஒண்ணுமில்ல."

தைலம்மாள் எழுந்தாள், எழுந்த வேகத்தில் இருமல் பிடித்துக்கொண்டது. சுவரைப் பிடித்தபடி நின்று இருமினாள்.

அகிலாண்டம் நகரவில்லை. "உக்காருங்க. பொட்டு பொய், சரி. இந்த இருமல் பொய்யில்லையே."

அவர் கையோடு கொண்டுவந்திருந்த பழைய மூன்று படங்களையும் மறுபடி மாட்டினார். பொட்டு இருந்த இடத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, மற்ற இடங்களை அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் இடது காறை எலும்பின் மறைவில் அவர் விரல் நின்றது.

"ஆரோக்கியராஜ், நெஞ்சு உச்சி தெரியற மாதிரி, பின்னால சாய வச்சு ஒரு படம் எடுக்க முடியுமா? காறை எலும்பு மேல ஏறிடணும்."

"எடுக்கறேன் மேடம்." இந்த முறை தைலம்மாள் தாலிக் கயிற்றைக் கட்டிக்கொண்டு வாயில் கவ்வி நின்றாள். ஆரோக்கியராஜ் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்து, அவள் தோளைப் பலகையில் சரியாகச் சாய்த்து, அவசரமில்லாமல் எடுத்தான். அவன் வாழ்க்கையில் அதைவிடத் தெளிவான படம் எடுத்திருக்க மாட்டான்.

எலும்பு விலகிய இடத்தில், இடது நுரையீரலின் உச்சியில், பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல் ஒரு வெளுப்பு இருந்தது.

"காசநோய் மாதிரி இருக்கு" என்றார் அகிலாண்டம். "சளியப் பரிசோதிச்சா உறுதியாயிடும். உறுதியானா ஆறு மாசம் மாத்திரை. ஒரு வேளைகூட விடாம சாப்பிட்டா குணமாகிற வியாதி. மெட்ராஸும் வேணாம், ஊசியும் வேணாம்."

பொன்னுரங்கம் அந்த வெளுப்பின்மேல் விரலை வைத்தார். "அப்ப இத்தன நாளா இத யாரு உட்டது?"

ஆரோக்கியராஜ் தரையைப் பார்த்தான். அகிலாண்டம் கைப்பையைத் திறந்து, சிதம்பரத்தில் தான் கொடுத்த அறிக்கையின் நகலை எடுத்தார். 'ஒன்றுமில்லை' என்ற வரியைக் குறுக்கே அடித்து, கீழே சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"மூணு படத்துலயும் இது லேசா இருக்கு. இங்க இருந்தவங்க பொட்டையே பாத்துக்கிட்டிருந்தாங்க. அவுங்களுக்கு அந்தச் சாக்காவது இருக்கு. என் படத்துல பொட்டு கெடையாது. பொட்டு இல்லைங்கறத மட்டும் பாத்து நான் சந்தோஷமா எழுதிக் குடுத்துட்டேன். தப்பு பண்ண ஆளு நான்தான்."

பொன்னுரங்கம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். தைலம்மாள் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். திருத்திய அறிக்கையை அகிலாண்டத்தின் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அதெல்லாம் அப்புறமேட்டுக்குப் பேசிக்கலாம்" என்றாள். "சளி எங்க குடுக்கணும், அத சொல்லுங்க."