முங்கிய எண்கள்

துருவைப் படம் எடுப்பவள் நான். "நம்ம வீட்டு கேட்டுலயே வேணுங்கற அளவு இருக்கே, அதை எடுக்கக் கூடாதா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். ஆனாலும் கேமரா பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வருவார். அன்றும் வந்தார்.

உடைப்பதற்காகக் கொண்டுவந்த பயணிகள் கப்பல் அது. கரைக்கு அப்பால் நங்கூரம் போட்டு நின்றது. துடுப்புப் படகு ஒன்றைப் பேசி அதன் அருகே போனோம். மதிய வெயிலில் அதன் பக்கவாட்டு முழுக்கப் பெயின்ட் உரிந்து, செம்பும் கறுப்பும் பச்சையுமாகக் கிடந்தது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மேலே ஓர் ஆள் நின்றால்தான் படத்தில் அதன் பிரம்மாண்டம் தெரியும் என்று அவரை ஏற்றிவிட்டதே நான்தான். பாழாய்ப்போன ஆசை!

"உள்ள யாராவது இருக்காங்களா?" என்று படகுக்காரரிடம் கேட்டேன்.

"ஈ காக்கா கூட இல்லக்கா. கட்டில், நாற்காலியெல்லாம் கழட்டிட்டுப் போயிட்டாங்க."

என் வீட்டுக்காரர் கயிற்றேணியில் ஏறி, மேல்தளத்தில் நின்று கையாட்டினார். எடுத்தேன். கப்பல் எவ்வளவு ஆழம் முங்கியிருக்கிறது என்று காட்டும் வெள்ளை எண்கள் அதன் மூக்கில் கீழிருந்து மேலாக இருந்தன. தண்ணீரை ஒட்டி, எல்லாவற்றுக்கும் கீழே தெரிந்தது மூன்று.

அடுத்த படத்தில் நான்கு.

கேமராவை இறக்கிவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். நான்கும் முங்கிக்கொண்டிருந்தது.

"தண்ணி ஏறுதா?"

"தண்ணி ஏறினா கப்பலும் கூடவே ஏறும்க்கா." படகுக்காரரின் முகம் வெளுத்துவிட்டது. "ஓட்டை விழுந்தா ஒரு பக்கமா சாயும். இது நேரா இறங்குது. ஆள் ஏறுற மாதிரி."

ஐந்து.

துருவும் பழைய எண்ணெயும் நாறிய காற்றில் இப்போது சோப்பு வாசனை வந்தது. கூடவே, கூட்டம் நெருக்கியடிக்கும் இடத்தின் வியர்வை வாடை.

"என்னங்க! இறங்கி வாங்க!" என்று கத்தினேன்.

"இரும்மா!" மேலிருந்து சலிப்பாகப் பதில் வந்தது. "வழி விட்டாத்தானே வர முடியும்?"

அங்கே அவரைத் தவிர யாருமே இல்லை.

தோளைச் சாய்த்துச் சாய்த்து ஒதுங்கி வந்தார். ஏணியில் அவர் கால் வைக்கும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. படகில் இறங்கியதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டேன்.

நிமிர்ந்து பார்த்தபோது, முங்கிய எண்கள் மூன்று வரை மறுபடி வெளியே வந்திருந்தன. கப்பல் காலி.

படகுக்காரர் துடுப்பை இழுத்தார். படகு அசையவில்லை. அதன் விளிம்பு தண்ணீரைத் தொட நான்கு விரல்தான் பாக்கி.

என் வீட்டுக்காரர் என் காதருகே குனிந்தார்.

"கொஞ்சம் தள்ளி உக்காரு. அந்தம்மா எவ்வளவு நேரம் நிப்பாங்க?"

தள்ளி உட்கார்ந்தேன்.